நொதியின் வேலையைக் காட்டும் காந்தம்

இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் கண்ணிமை ஒருமுறை மூடித் திறந்திருக்கலாம். அந்தச் சிறு அசைவுக்கும் ஆற்றல் வேண்டும். அதைத் தசைக்கு அளிப்பது அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் மூலக்கூறு. சுருக்கமாக இதனை ஏ.டி.பி. என்பர். இதில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் சங்கிலிக் கண்ணிகளைப்போல் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. கடைசிக் கண்ணி நீரால் பிரிக்கப்படும்போது ஆற்றல் கிடைக்கிறது. தசையிலுள்ள ஏ.டி.பி. சில விநாடிகளுக்கே போதுமானது. அதை உடனுக்குடன் புதுப்பிக்க உதவுவது கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி.

நொதி, தன்னிடம் வந்து பொருந்தும் மூலக்கூறை மாற்றி அனுப்பிவிட்டு, தான் மாறாமல் அடுத்ததை ஏற்கும் புரதம். இந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது? வேலையின்போது எந்த அணு எங்கே அமர்கிறது?

1965-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்களின் உதவியால் லைசோசைம் என்ற நொதியின் வடிவம் முழுமையாகத் தெரியவந்தது. ஆனால் அதற்கு நொதியைப் படிகமாக்க வேண்டும். உயிரணுவிலோ நொதி நீரில் மிதந்தபடி வேலை செய்கிறது. அந்நிலையிலேயே அதை ஆராயும் வழியைக் காட்டியவர்களுள் முதன்மையானவர் மில்ட்ரெட் கோன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலார்.

ஊஞ்சலும் அணுக்கருவும்

அவர் கையாண்ட முறை அணுக்கருக் காந்த ஒத்திசைவு. சில அணுக்கருக்கள் மிகச் சிறிய காந்தங்களாக விளங்குகின்றன. வலிமையான காந்தப் புலத்தில் வைத்து வானொலி அலைகளைச் செலுத்தினால், குறிப்பிட்ட அதிர்வெண் உள்ள அலையை மட்டும் அவை ஏற்கும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால்தானே அது உயர எழும்! ஊஞ்சலின் கயிற்று நீளம் மாறினால் தாளமும் மாறும். அவ்வாறே, அணுக்கருவைச் சூழ்ந்துள்ள எலக்ட்ரான்களின் அமைப்பு மாறினால் அது ஏற்கும் அதிர்வெண்ணும் சற்று மாறும். எனவே அதிர்வெண்ணைக் கொண்டே அணுவின் அக்கம்பக்கத்தை அறியலாம்.

செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கோன் 1958-இல் ஏ.டி.பி. கரைசலை இவ்வாறு ஆராய்ந்தார். மூன்று பாஸ்பரஸ் அணுக்களுக்கும் மூன்று தனித்தனி முகடுகள் தெரிந்தன. இதை 1960-இல் வெளியிட்டார். பின்னர் கரைசலில் மக்னீசியம் சேர்த்தபோது, நடுப் பாஸ்பேட்டின் முகடும் கடைப் பாஸ்பேட்டின் முகடும் இடம் பெயர்ந்தன. முதற் பாஸ்பேட்டின் முகடோ பெரிதும் நகரவில்லை. மக்னீசியம் பற்றிக்கொள்ளும் இடம் எது என்பதை முகடுகளே காட்டிவிட்டன!

நீர் சொன்ன சான்று

அப்படியானால், நொதி எதைப் பற்றுகிறது? உலோகத்தையா, ஏ.டி.பி.யையா? இதை அறிய, மக்னீசியத்துக்குப் பதிலாக மாங்கனீசு அயனியைக் கோன் பயன்படுத்தினார். இது வலிய காந்தத் தன்மை உடையது. அருகிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்கள் தாம் ஏற்ற ஆற்றலை விட்டு அமைதி நிலைக்குத் திரும்புவதை விரைவுபடுத்தும்.

ஆற்றுச் சுழியில் சருகு வேகமாகச் சுழலும். அதுவே பெரிய மரக்கட்டையில் ஒட்டிக்கொண்டால் மெதுவாகவே சுழலும். மாங்கனீசும் பெரிய நொதியுடன் இணைந்தால் அதன் சுழற்சி குறையும். அப்போது நீரின் மீதான விளைவு பன்மடங்கு பெருகும். கிரியேட்டின் கைனேஸுடன் மாங்கனீசை மட்டும் சேர்த்தபோது இந்தப் பெருக்கம் காணப்படவில்லை, ஏ.டி.பி.யையும் சேர்த்ததும் காணப்பட்டது. ஆக, இங்கே நொதி நேராகப் பற்றுவது ஏ.டி.பி.யை, உலோகம் அதன் துணையாக வருகிறது. பைருவேட் கைனேஸ் என்ற வேறொரு நொதியிலோ உலோகம் நேராக நொதியிலேயே அமர்கிறது. வெறும் நீரை அளந்தே இவ்வேறுபாடு கண்டறியப்பட்டது!

தடைகளும் பயனும்

1913-இல் நியூயார்க்கில் பிறந்த கோனின் பாதை எளிதாக இருக்கவில்லை. அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது, உதவித்தொகையுடன் கூடிய உதவி ஆசிரியர் பணி ஆண்களுக்கே வழங்கப்பட்டது. பின்னாளில் அமெரிக்க உயிர்வேதியியலார் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். அந்நாட்டின் தேசிய அறிவியல் பதக்கமும் 1982-ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. 2009-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்தார்.

கோன் கண்ட அதே மூன்று முகடுகளை, 1974-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் எலியின் தசையிலேயே கண்டனர். தசையை அரைக்காமல், சாறு பிழியாமல், அதனுள் நிகழும் வேதி மாற்றத்தை அறிய வழி பிறந்தது. இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் இதே ஒத்திசைவுதான் அடிப்படை. சில வேளைகளில் படம் தெளிவாகத் தெரிய நோயாளியின் இரத்தத்தில் கடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்துவார்கள். அதன் பணி என்ன தெரியுமா? கோனின் சோதனைக் குழாயில் மாங்கனீசு செய்த அதே பணிதான்: அருகிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்களை விரைவில் அமைதி நிலைக்குத் திருப்புவது!