வாயேஜர் (இசை மென்பொருள்)

வாயேஜர் என்பது அமெரிக்க டிராம்போன் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜார்ஜ் லூயிஸ் உருவாக்கிய கணினி இசை நிரல் ஆகும். இது மேடையில் மனிதக் கலைஞருடன் சேர்ந்து, முன்கூட்டி எழுதப்படாத இசையை அந்தந்தக் கணத்தில் உருவாக்கி வாசிக்கும். கருநாடக இசையின் மனோதர்மத்தை ஒருவாறு இதனுடன் ஒப்பிடலாம். எனினும் இராகம், தாளம் போன்ற பொது இலக்கணம் எதுவும் இங்கு முன்னதாக வகுக்கப்படுவதில்லை. 2000களில் இதன் ஒரு வடிவம் உண்மையான பியானோவை இயக்கத் தொடங்கியது.

தோற்றம்

லூயிஸ் 1952இல் சிகாகோவில் பிறந்தவர். ஆப்பிரிக்க அமெரிக்க இசைஞர்கள் 1965இல் அந்நகரில் தொடங்கிய படைப்பிசைஞர் சங்கத்தில் 1971இல் சேர்ந்தார். 1984இல் பாரிசின் இர்க்காம் ஆய்வு மையத்தில் கணினிகளையும் மனிதக் கலைஞர்களையும் சேர்த்து வாசிக்கச் செய்தார். வாயேஜரின் முதல் பதிப்பு 1986-1988 காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஸ்டைம் என்னும் மின்னணு இசைக்கூடத்தில், ஃபோர்த் நிரலாக்க மொழியில் எழுதப்பட்டது.

செயற்படும் முறை

மனிதர் வாசிப்பது மிடி தரவாக நிரலுக்குள் வருகிறது. நிரல் அதைச் சுரம் சுரமாக நினைவில் வைத்துத் திருப்பி வாசிப்பதில்லை. சுரங்களின் உயரம், அழுத்தம், இடைவெளி முதலியவற்றின் சராசரிகளைத் தொடர்ந்து கணித்துக்கொள்கிறது. வாசிப்பவர் வேகமாகச் செல்கிறாரா, மெல்லத் தொடுகிறாரா என்ற பொதுப் போக்கே அதற்குத் தெரியும்.

வெளியீட்டுப் பக்கத்தில் 64 வரையிலான ஒற்றைக் குரல் 'வாசிப்பாளர்கள்' உள்ளனர். ஏறத்தாழ 5 முதல் 7 வினாடிகளுக்கு ஒருமுறை ஒரு துணைநிரல் இவர்களைப் புதிய குழுக்களாகப் பிரிக்கிறது. மெட்டு அமைக்கும் 15 வழிமுறைகளுள் ஒன்று, 150 சுரத்தொகுதிகளுள் ஒன்று, வேகம், ஒலியளவு ஆகியவை ஒவ்வொரு குழுவுக்கும் தெரிவு செய்யப்படுகின்றன. ஒரு குழு மனிதரின் வாசிப்பைப் பின்பற்றலாம், எதிர்க்கலாம், பொருட்படுத்தாமலும் விடலாம். இத்தெரிவுகளில் சமவாய்ப்பு எண்களுக்குப் பெரும் பங்குண்டு.

கவனிக்க வேண்டியது, இங்கே இயந்திரக் கற்றல் இல்லை. 2000களின் தொடக்கத்தில் பாரிசின் சோனி கணினி அறிவியல் ஆய்வகத்தில் பிரான்சுவா பாஷே உருவாக்கிய கண்டினியூவேட்டர், விசைப்பலகைக் கலைஞரின் வாசிப்பிலிருந்து மார்க்கோவ் முறையில் கற்று, அவரது பாணியிலேயே இசையைத் தொடரும். அது கலைஞருக்குக் கண்ணாடி போன்றது. வாயேஜர் ஓர் அந்நியரைப் போன்றது.

சமநிலைக் கொள்கை

கணினியை நிறுத்தவோ திருத்தவோ வாசிப்பவருக்குப் பொத்தானோ கால்மிதியோ கிடையாது. தொடர்பு முழுவதும் ஒலி வழியே நடைபெறும். மனிதர் மௌனமானாலும் நிரல் தொடர்ந்து வாசிக்கும். பயனரின் கட்டளைக்குப் பணிவதே நல்ல மென்பொருள் என்று பழகியவர்களுக்கு இது குறைபாடாகவே தோன்றும். லூயிசுக்கு இது திட்டமிட்ட முடிவு. மென்பொருள் நடுநிலையானது அன்று, அதை எழுதியவர்களின் பண்பாட்டைச் சுமந்தே வருகிறது என்று 2000இல் வெளியான கட்டுரையில் அவர் வாதிட்டார். தலைவர், பக்கவாத்தியம் என்ற படிநிலையைத் தவிர்த்து, பல குரல்கள் ஒரே நேரத்தில் முதன்மை பெறும் ஆப்பிரிக்க அமெரிக்க அழகியலை அவர் நிரலில் அமைத்தார். சுரங்கள் அளவுக்கு மிஞ்சி ஒலிக்கின்றன என்ற குறைகூறலுக்கும் அதுவே அவரது விடை.

பியானோ வடிவம்

யமாகா நிறுவனத்தின் டிஸ்க்கிளேவியர் என்பது மின்காந்தங்களால் கட்டைகள் இயக்கப்படும் உண்மையான பியானோ ஆகும். 2004இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அமெரிக்க இசையமைப்பாளர் இசைக்குழுவுடன் அரங்கேறிய லூயிசின் படைப்பில், கணினி இயக்கிய இத்தகைய பியானோவே தனிக்கலைஞராக அமைந்தது.

இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. முந்தைய பதிப்புகளில் ஒலித்த பல்வேறு இசைக்கருவிகளின் ஒலிநயங்களும் நுண்சுருதிகளும் 88 கட்டைகளில் கிடைக்கா. ஆனால் மனிதரும் கணினியும் இரண்டு பியானோக்களில் வாசிக்கும்போது, எந்தச் சுரம் யாருடையது என்பதைக் கேட்பவர் செவியால் மட்டும் பிரித்தறிவது கடினம். செயற்கை ஒலி என்று ஒதுக்கிவிடும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

பியானோவுக்கு முந்தைய வடிவத்தை, லூயிசும் சாக்சபோன் கலைஞர் ராஸ்கோ மிட்செலும் பங்கேற்ற 1993ஆம் ஆண்டு இசைத்தட்டில் கேட்கலாம். அதன் பெயரும் வாயேஜர் என்பதே.