சாமானுக்கு ஒரு நம்பர் உண்டு

சென்ற மாதம் என் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் நிற்கிற இடத்திலெல்லாம் ஆயில் சொட்டியது. கிக்கர் ஷாஃப்ட் ஆயில் சீல் போய்விட்டது என்றார் மெக்கானிக். சென்னை ஜி.பி. ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். "ஆர்.எக்ஸ். சாமானெல்லாம் வர்றதே இல்ல சார்" என்று மூன்று கடையிலும் ஒரே பதில்.

நான்காவது கடையில் இருந்த பெரியவர், "பழைய சீல் வச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டார். காகிதத்தில் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். துணியால் துடைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்து, ரப்பர் விளிம்பில் இருந்த எழுத்தைப் படித்தார். மூன்று எண்கள்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். "இது ஆர்.எக்ஸ். சீல் இல்ல தம்பி, வெறும் சீல். இதே அளவு எத்தனையோ மெஷின்ல ஓடுது" என்றபடி பின்னாலிருந்த தகர டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். நாற்பது ரூபாய்.

பழைய பைக் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் "கிடைக்காது" என்ற பதிலில் பாதி இப்படிப்பட்டதுதான். சாமான் இருக்கிறது. வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதால் கைக்கு வராமல் போகிறது.

ஜப்பானின் யமஹாவோடு கூட்டு சேர்ந்து எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஆர்.எக்ஸ். 100-ஐ இங்கே கொண்டுவந்தது 1985-ல். 1996-ல் உற்பத்தி நின்றது. 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் என்ஜின், 11 குதிரைத்திறன். நின்றுபோய் இத்தனை ஆண்டு ஆகியும், நன்றாக வைத்திருக்கும் வண்டி இன்று லட்சம் ரூபாய்க்குக் கைமாறுகிறது. ஆனால் ஷோரூமில் போய் அதற்கு ஒரு பிஸ்டன் கேட்டுப் பாருங்கள், கவுன்டரில் இருக்கும் பையன் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன வண்டி அது.

நம்பரைப் படிப்பதைப் பேரிங்கிலிருந்து தொடங்கலாம். எந்தக் கம்பெனி பைக்காக இருந்தாலும் அதிலுள்ள பேரிங்கை அந்தக் கம்பெனி செய்வதில்லை. பேரிங் செய்பவர்கள் வேறு, அவர்களுடைய நம்பர் உலகம் முழுக்க ஒன்று. 6203 என்று பொறித்திருந்தால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். 6204-லிருந்து கணக்கு இன்னும் சுலபம்: கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் வந்துவிடும். 6204-க்கு 20, 6205-க்கு 25. வீட்டு சீலிங் ஃபேனில் சுற்றுகிற 6202-ம் பைக் சக்கரத்தில் வரும் 6202-ம் அளவில் ஒன்றேதான். நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்தையும் விடாமல் படிக்க வேண்டும். 2ஆர்.எஸ். என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, சக்கரத்துக்கு அது நல்லது. இசட்.இசட். என்றால் தகர மூடி. சி3 என்றால் உள்ளே குண்டுகளுக்கு இடைவெளி கூடுதல். சூட்டில் விரிகிற கிராங்கில் சி3 இருந்த இடத்தில் சாதாரண பேரிங்கை அடித்து ஏற்றினால் அது இறுகி, சீக்கிரமே சத்தம் போடும்.

செயினும் அப்படித்தான். பட்டையில் 428 என்று இருந்தால் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். நம்பரும் கண்ணிகளின் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும், வண்டிப் பெயரே தேவையில்லை.

பிஸ்டன், கியர், கிளட்ச் ஹவுசிங் போன்றவை அந்தந்த வண்டிக்கே உரியவை. இவற்றுக்குத்தான் கம்பெனி பார்ட் நம்பர் வேண்டும். யமஹா நம்பரில் முதல் மூன்று எழுத்து, அந்தச் சாமான் முதன்முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். நடுவில் உள்ள ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்பதைச் சொல்லும்: 11631 என்றால் பிஸ்டன், 11181 என்றால் ஹெட் கேஸ்கெட். கடைசி இரண்டு இலக்கம் திருத்தம். ஆக, முதல் மூன்று எழுத்து உங்கள் வண்டியுடையதாக இல்லையே என்று பதற வேண்டாம், வேறொரு மாடலின் சாமானை அப்படியே உங்கள் வண்டியிலும் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு வண்டியின் கதவும் உங்களுக்குத் திறந்துவிட்டது. நம்பர் 9-ல் தொடங்கினால் இன்னும் நல்லது. 93306 பால் பேரிங், 93102 ஆயில் சீல். 93306-க்கு அடுத்து 203 என்று வந்தால் பெரும்பாலும் அது நம் 6203 தான்.

ஹோண்டாவில் வரிசை வேறு. முதல் ஐந்து இலக்கமே சாமானின் பெயர், நடு மூன்று மாடல். ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வைத்திருப்பவர்களும் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். 13101 ஸ்டாண்டர்ட் பிஸ்டன், 13102 கால் மில்லிமீட்டர் ஓவர் சைஸ், 13103 அரை மில்லிமீட்டர்.

ஷோரூம் கம்ப்யூட்டரில் "இல்லை" என்று வந்தாலும் உடனே திரும்பிவிடாதீர்கள். பழைய நம்பரை நிறுத்திவிட்டு அதே சாமானுக்குப் புது நம்பர் கொடுப்பது எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம். "இதுக்கு மாற்று நம்பர் இருக்கா பாருங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

விலை குறைவு என்று பார்த்து நான் ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறேன். 0.50 ஓவர் சைஸ் பிஸ்டன், ஒரிஜினல் போலவே டப்பா, பாதி விலை. லேத்தில் போர் பண்ணி மாட்டிய வண்டி முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, நெடுஞ்சாலையில் கிறீச்சென்று பிடித்து நின்றது. பிரித்துப் பார்த்தால், ரிங் சுற்றாமல் இருக்கப் பிஸ்டனில் அடித்திருக்கும் சின்னப் பின் கழன்று சிலிண்டரைக் கோடு கோடாகக் கீறியிருந்தது. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் 0.25, 0.50, 0.75, 1.00 என்று பெரும்பாலும் நான்கு போர்தான். பிறகு ஸ்லீவ் அடிக்க வேண்டும். அந்த மலிவுப் பிஸ்டன் என் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

அன்றிலிருந்து பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராட் கிட், பிரேக் ஷூ இவற்றில் மட்டும் நான் காசு பார்ப்பதில்லை. கேபிள், இன்டிகேட்டர், சீட் கவர், மட்கார்டு எல்லாம் லோக்கல் சாமான் போதும். இன்னொன்று: முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு அதையும் சிலிண்டரையும் சேர்த்து லேத்தில் கொடுங்கள். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்துதான் போர் பண்ண வேண்டும். தலையில் பொறித்த எண்ணை நம்பி முன்கூட்டியே போர் பண்ணுவது தவறு.

சின்ன ஊர்களில், மூடிப்போன டீலர்களின் சரக்கு இன்னும் சில பழைய ஸ்பேர்ஸ் கடைகளின் பரணில் தூங்குகிறது. பார்ட் நம்பரை எழுதிக் கொண்டுபோய், பொறுமையாக உட்கார்ந்து கேட்டால் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் கார்புரேட்டர், ஃபோர்க், சக்கரம் எல்லாம் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். என்ஜின் நம்பர் பொறித்த கிராங்க் கேஸை மட்டும் காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி.யும் என்ஜின் நம்பரும் ஒத்துப்போகாவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள், அது திருட்டு வண்டியின் என்ஜினாகவும் இருக்கலாம்.

யெஸ்டி வைத்திருப்பவர்களின் பாடு இன்னும் கடினம். அதைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டது. 2022-ல் யெஸ்டி என்ற அதே பெயரில் வந்த புது வண்டி ஃபோர் ஸ்ட்ரோக், அதன் பிஸ்டன் பழையதற்குப் பொருந்தாது. அந்தப் பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன என்றால், ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு மறுபடி செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள்தான் காரணம்.

கம்பெனிகளிடம் ஒரு கோரிக்கை. சாமானைச் செய்வதை நிறுத்துகிறீர்கள், புரிகிறது. பழைய பார்ட்ஸ் புத்தகத்தையாவது எல்லோரும் பார்க்கும்படி திறந்து வையுங்கள். நம்பர் கிடைத்தால் மற்றதை எங்கள் மெக்கானிக்குகள் பார்த்துக்கொள்வார்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை என்ஜின் இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய ஒவ்வொன்றிலும் உள்ள நம்பரை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேய்ந்த சீலையும் உடைந்த பேரிங்கையும் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது கடைக்காரர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "பழசு இருக்கா?" என்பதுதான்.