புல்லை ஆளும் சாம்பல்

ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில், தென்கிழக்குச் சமவெளியில் கண்ணுக்கெட்டியவரை ஒரு மரம்கூட இல்லையே, மழை கிடையாதா என்று கேட்டிருக்கிறார் மதுரை வாசகர் ஒருவர். டிவியில் சிங்கத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தவருக்கு முதலில் ஒரு சபாஷ்!

மழை உண்டு. ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர், வேலமரத்துக்குத் தாராளம். தடுப்பது மண்.

சமவெளிக்குக் கிழக்கே ஓல் டொயின்யோ லெங்காய் என்றொரு எரிமலை. மற்ற எரிமலைகளின் குழம்பு பெரும்பாலும் செக்கச்செவேலென்று 700 முதல் 1,200 டிகிரியில் கொதிக்க, இதன் குழம்பு மட்டும் 500, 600 டிகிரியில் கரிய எண்ணெய்போல ஒழுகும். பகலில் பார்த்தால் சேறு என்றே தோன்றும். ஆறிய குழம்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சில நாட்களுக்குள் வெளுத்துவிடும். காரணம், அதில் நிறைந்திருக்கும் சோடியம், கால்சியம் கார்பனேட்டுகள்.

இதுவும் அக்கம்பக்கத்து எரிமலைகளும் காலங்காலமாகக் கக்கிய சாம்பல்தான் அந்தச் சமவெளியின் மண். மழைநீர் சாம்பலிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்கும். மரத்துக்குப் போதுமான மழைதான், ஆனால் சுண்ணாம்பை அடியோடு அலசிக் கொண்டுபோகப் போதாது; நீர் ஆழம் போகுமுன்பே வற்றிவிடும். சுண்ணாம்பு அங்கேயே படிந்து இறுகும். கரிசல் காட்டில் கிணறு வெட்டும்போது கடப்பாரையை எகிறவைக்கும் சுக்கான் பாறை மாதிரிதான். மர வேரால் அதைத் துளைக்க முடியாது. மேல்மண்ணிலேயே வேர்விடும் குட்டைப் புல்லுக்கு அந்தக் கவலை இல்லை.

வடமேற்கே போகப்போகச் சாம்பல் குறைகிறது, வேர் இறங்க இடம் கிடைக்கிறது, மழையும் கூடுகிறது. புல் இடுப்பளவு உயர்கிறது, பிறகு வேலமரங்கள் தலைகாட்டுகின்றன. வேடிக்கை என்னவென்றால், மரமற்ற சமவெளியிலும் ஆங்காங்கே நிற்கும் கருங்கல் குன்றுகளில் மரம் உண்டு. பாறை இடுக்கில் வேர் நுழையும், மண்ணில் நுழையாது!

குட்டைப் புல்லை ஏளனம் செய்ய வேண்டாம். சாம்பல் தந்த கால்சியமும் பாஸ்பரஸும் அதில் ஏராளம். லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மான்கள் பிப்ரவரியை ஒட்டிக் குட்டி போடுவதும் பாலூட்டுவதும் அங்கேதான்.

மரமில்லாத இடமெல்லாம் பாழ்நிலம் என்ற நினைப்பு நம்மிடமும் உண்டு. நீலகிரிப் புல்வெளிகளில் வெள்ளைக்காரர் காலந்தொட்டுச் சீகையும் கற்பூர மரமும் நட்டோம். இப்போது சீகையை வெட்டியெடுக்கச் செலவழிக்கிறோம். மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் குழி தோண்டுமுன், அங்கே ஏற்கெனவே என்ன புல் முளைக்கிறது, யாருடைய ஆடுமாடு மேய்கிறது என்று உள்ளூர் மேய்ச்சல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.