மலைக்குப் போனதும் மலை வந்ததும்

தோட்டத்துத் தமிழில் மலை என்றால் தேயிலை. "இன்னைக்கு எந்த மலை?" என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கேட்டால், எந்த இடத்தில் கொழுந்து எடுக்கப் போகிறோம் என்று அர்த்தம். கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தவிலும் அதே பேச்சுத்தான். தியலும அருவி விழுகிற இலங்கையின் ஊவா மலைகளின் தென்சரிவில், செங்குத்துப் பாறைக்குக் கீழே லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். சுற்றுலாக்காரருக்கு அது காட்சி. படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுகிறவருக்கு வேலைத்தலம்.

அந்தச் சரிவே பாறையடியில் காலங்காலமாக உருண்டுவந்து தங்கிய மண்ணும் கல்லும்தான். அதனால்தான் தேயிலை மலைகளில் கான் என்கிற வடிகால் வெட்டித் தண்ணீரை வழிமாற்றிவிடுவார்கள். கான் வெட்டுகிற ஆளைக் குறைத்தால் தோட்டத்துக்குக் காசு மிச்சம். தண்ணீர் மட்டும் வடியாமல் மண்ணுக்குள் இறங்கும்.

2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவில், பல நாள் மழைக்குப் பிறகு மலை இறங்கி வந்தது. லயங்கள் போயின, கோயிலும் போயிற்று. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பியிருந்தவர்கள் தப்பினார்கள். திரும்பி வந்த பிள்ளைகளில் சிலருக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. காணாமல்போனவர்கள் நூற்றுக்கு மேல் என்று முதலில் சொன்னார்கள். பிறகு கணக்கு நாற்பதுக்குள் வந்து நின்றது. ஒரு தோட்டப் பிரிவில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்பதைக்கூட உடனே சொல்ல ஆளில்லை! எல்லா உடல்களும் கிடைக்கவுமில்லை.

இயற்கையின் சீற்றம் என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று தேசிய கட்டட ஆய்வு நிறுவகம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. லயத்தில் இருப்பவருக்குக் குடியிருக்கும் காம்பரா என்ற அறையும் சொந்தமில்லை, அடியிலுள்ள மண்ணும் சொந்தமில்லை. போ என்றால் எங்கே போவது?

இன்று மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் இந்தப் பக்கத்தில் தூக்கம் பிடிக்காது. சுவரில் புது வெடிப்பு விழுந்திருக்கிறதா, பீலித் தண்ணீர் கலங்கி வருகிறதா என்று பார்க்கிறார்கள். மலை என்ற சொல்லுக்கு இப்போது இரண்டு அர்த்தம்.

தப்பியவர்கள் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தார்கள். பிறகு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் 75 தனிவீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். முதல் எச்சரிக்கை 2005இல். வீட்டுச் சாவி கைக்கு வந்தது 2016இல்.