தேடினால் கிடைக்கும்
நூலகக் கணினியில் நூல் தேடும் வழி

எழுதப் படிக்கக் கற்றாகிவிட்டது. பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்க முடிகிறது. ரேஷன் கடை ரசீதைப் படிக்க முடிகிறது. செய்தித்தாளின் கொட்டை எழுத்துகளும் புரிகின்றன. அடுத்து என்ன? தேவையான நூலைத் தேடி எடுத்துப் படிப்பதுதான் அடுத்த படி.

நூலகத்திற்குள் நுழைந்தால் ஆயிரக்கணக்கான நூல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் வேண்டிய ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டே போனால் பொழுது சாய்ந்துவிடும். அதற்காகத்தான் நூலகங்கள் பட்டியல் வைத்திருக்கின்றன. இன்று பல நூலகங்களில் அந்தப் பட்டியல் கணினியில் இருக்கிறது. அதில் தேடப் பெரிய படிப்பு தேவையில்லை. சில எளிய வழிகள் தெரிந்தால் போதும்.

பட்டியல் எதற்கு?

மளிகைக் கடைக்காரருக்கு எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும். கடையில் இருப்பவை சில நூறு சாமான்கள். நூலகத்தில் அப்படி மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. கொல்கத்தாவில் உள்ள தேசிய நூலகத்தில் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. அத்தனையையும் யார் நினைவில் வைப்பது?

முன்பு பட்டியல் சிறு அட்டைகளில் இருந்தது. ஓர் அட்டை அஞ்சலட்டையைவிடச் சற்றுச் சிறியது. ஒரே நூலுக்குப் பல அட்டைகள் எழுதுவார்கள். ஓர் அட்டையில் நூலின் தலைப்பு முதலில் வரும். இன்னோர் அட்டையில் ஆசிரியர் பெயர் முதலில் வரும். மற்றோர் அட்டையில் நூல் எதைப் பற்றியது என்பது முதலில் வரும். அட்டைகளை வரிசையாக மர இழுப்பறைகளில் அடுக்கி வைப்பார்கள். தலைப்பு தெரிந்தவரும் தேடலாம். ஆசிரியர் பெயர் மட்டும் தெரிந்தவரும் தேடலாம். இரண்டும் தெரியாதவரும் தேடலாம்.

இந்தியாவில் இந்த வேலைக்கு ஒழுங்கு கொடுத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892-ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர். கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்தார். 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ஆம் ஆண்டு நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். நூலகத்துக்கு வருபவரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. ‘ஒவ்வொரு வாசகர்’ என்பதில் புதிதாகப் படிக்கக் கற்றவரும் அடக்கம்.

கணினி எப்படித் தேடுகிறது?

அட்டையில் இருந்த அதே விவரங்கள்தாம் கணினிக்குள் ஏறியிருக்கின்றன. திரையில் ஒரு கட்டம் தெரியும். அதில் சொல்லைத் தட்ட வேண்டும். கணினி அந்தச் சொல் உள்ள நூல்களைக் காட்டும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நூலகரிடம் பேசினால் அவர் கருத்தைப் புரிந்துகொள்வார். நூலகக் கணினி பெரும்பாலும் எழுத்துகளைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எழுத்து ஒத்துப்போனால் ‘இருக்கிறது’ என்று காட்டும். ஒத்துப்போகாவிட்டால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பெண் மகளிர் குழுவில் கடன் வாங்கி நான்கு வெள்ளாடுகள் வளர்க்கிறார். பக்கத்து ஊரில் ஆட்டுக்கொல்லி நோய் வந்திருக்கிறது. ஆடு நோயில் விழுந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். அது அவருக்குத் தெரியும். நோய் வராமல் காப்பது எப்படி, தடுப்பூசி எப்போது போடுவது என்று படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறார். நூலகக் கணினியில், ‘ஆட்டுக்கு நோய் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது’ என்று தட்டுகிறார். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வருகிறது.

அவர் என்ன நினைப்பார்? ‘நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே நூல் ஏது’ என்று திரும்பிப் போய்விடக் கூடும். ஆனால் வெள்ளாடு வளர்ப்பு பற்றிய நூல் அதே நூலகத்தின் அலமாரியில் இருக்கலாம். அவர் தட்டிய நீண்ட வாக்கியம் பட்டியலில் இல்லை. அவ்வளவுதான். ‘கிடைக்கவில்லை’ என்றால் ‘இந்த எழுத்துகளில் கிடைக்கவில்லை’ என்றுதான் பொருள். நூலே இல்லை என்று பொருள் அல்ல.

முதல் வழி: சொற்களைக் குறையுங்கள்

முழு வாக்கியம் வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு சொற்கள் போதும். ‘எப்படி’, ‘என்ன’, ‘பற்றி’ போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். ‘வெள்ளாடு’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள். நூலின் பெயரில் வரக்கூடிய சொல் எது என்று யோசியுங்கள். அந்தச் சொல்லைத் தட்டுங்கள்.

இரண்டாம் வழி: சொல்லின் உருவத்தை மாற்றுங்கள்

தமிழில் சொற்கள் இடத்துக்கு ஏற்ப மாறும். ‘ஆடு’ என்பது ‘ஆட்டுப் பண்ணை’யில் ‘ஆட்டு’ ஆகிவிடுகிறது. ‘மாடு’ என்பது ‘மாட்டு’ ஆகிறது. ‘கிணறு’ என்பது ‘கிணற்று’ ஆகிறது. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்தை மட்டும் பார்க்கும் கணினிக்கு இரண்டும் வேறு வேறு. எனவே ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றொன்றைத் தட்டுங்கள்.

சில நூலகக் கணினிகளில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சொல்லின் முதல் பகுதியை மட்டும் தட்டி, பின்னால் நட்சத்திரக் குறி போட வேண்டும். ‘வெள்ளா*’ என்று தட்டினால் ‘வெள்ளாடு’, ‘வெள்ளாட்டு’ இரண்டும் வரும்.

மூன்றாம் வழி: வேறு எழுத்தில், வேறு சொல்லில் தேடுங்கள்

ஒரே சொல்லைப் பலர் பலவிதமாக எழுதுகிறார்கள். ‘ரத்தசோகை’ என்று ஒருவர் எழுதுவார். ‘இரத்தசோகை’ என்று இன்னொருவர் எழுதுவார். ‘ரத்த சோகை’ என்று இடம் விட்டு எழுதுபவரும் உண்டு. ரங்கநாதனின் பெயரையே ‘அரங்கநாதன்’, ‘இரங்கநாதன்’ என்றும் எழுதுவார்கள். எல்லாவற்றையும் முயன்று பாருங்கள்.

ஒரே பொருளுக்குப் பல சொற்களும் இருக்கின்றன. விவசாயம், வேளாண்மை, உழவு மூன்றும் ஒரே தொழிலைத்தான் குறிக்கின்றன. பேச்சில் வரும் சொல் ஒன்றாகவும், நூலில் வரும் சொல் வேறாகவும் இருக்கலாம். ‘வெள்ளாடு’ கிடைக்காவிட்டால் ‘கால்நடை’ என்று தேடலாம். கால்நடை பற்றிய பெரிய நூலில் ஆட்டுக்கு ஒரு தனிப் பகுதி இருக்கக் கூடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. சில நூலகங்களில் தமிழ் நூல்களின் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் ஏற்றியிருப்பார்கள். அங்கே தமிழில் தட்டினால் எதுவும் வராது. ஆங்கில எழுத்திலும் குழப்பம் உண்டு. ‘தமிழ்’ என்பதன் கடைசி எழுத்துக்குச் சிலர் ‘எல்’ போடுகிறார்கள். சிலர் ‘இசட் எச்’ போடுகிறார்கள். ஆகவே தொடங்கும்போதே நூலகரிடம் கேளுங்கள்: “பட்டியல் எந்த எழுத்தில் இருக்கிறது?”

நான்காம் வழி: எதில் தேடுவது என்று தேர்ந்தெடுங்கள்

தேடும் கட்டத்தின் பக்கத்தில் தலைப்பு, ஆசிரியர், பொருள் என்று சில சொற்கள் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

‘பாரதி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் தேடினால் பாரதியார் எழுதிய நூல்கள் வரும். ‘பொருள்’ என்ற இடத்தில் தேடினால் பாரதியாரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய நூல்கள் வரும். பாரதி என்ற பெயருடைய வேறு ஆசிரியர்களின் நூல்களும் கலந்து வரலாம். பார்த்து எடுக்க வேண்டும்.

ஆசிரியர் பெயரைத் தேடும்போது முன்னெழுத்தை விட்டுவிடுங்கள். முன்னெழுத்து சில பட்டியல்களில் பெயருக்கு முன்னால் இருக்கும். சிலவற்றில் பின்னால் இருக்கும். புனைபெயரும் உண்டு. கல்கியின் சொந்தப் பெயர் ரா. கிருஷ்ணமூர்த்தி. ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் மற்றொரு பெயரில் தேடலாம்.

நிறைய வந்துவிட்டால்?

சில நேரம் இதற்கு நேர்மாறாக நடக்கும். ‘சட்டம்’ என்று தட்டினால் நூற்றுக்கணக்கான நூல்கள் வந்து நிற்கும். அப்போது ஒரு சொல்லைக் கூட்டுங்கள். ‘சொத்து சட்டம்’ என்று தட்டுங்கள். தமிழ் நூல்கள் மட்டும் போதும் என்றால் மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

நூல் வெளிவந்த ஆண்டையும் கட்டாயம் பாருங்கள். கதைப் புத்தகம் பழையதாக இருந்தால் குற்றமில்லை. சட்டமும் மருத்துவமும் அப்படி அல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ஆம் ஆண்டு வந்தது. அது 2005-ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. பூர்விகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு என்று இந்தத் திருத்தம் சொல்கிறது. 1990-ஆம் ஆண்டு வந்த நூலில் இது இருக்காது. அதைப் படித்த பெண், தனக்குப் பங்கு இல்லை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடலாம். நூலின் ஆண்டைப் பார்க்காமல் விட்டால் நிலமே கைவிட்டுப் போகக் கூடும். சட்ட நூல்களில் புதியதை எடுங்கள். படித்த பிறகு, இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நூல் எங்கே இருக்கிறது?

தேடியது கிடைத்துவிட்டது. இனி திரையில் உள்ளதை நிதானமாகப் படியுங்கள். தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருக்கும். அவற்றோடு ஓர் எண் இருக்கும். அது வகை எண். அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அலமாரியில் நூல்கள் இந்த எண் வரிசையில்தான் நிற்கின்றன.

பல நூலகங்கள் அமெரிக்க நூலகர் டியூயி என்பவர் 1876-ஆம் ஆண்டு வெளியிட்ட எண் முறையைப் பின்பற்றுகின்றன. அந்த முறையில் மருத்துவத்துக்கு 610. வேளாண்மைக்கு 630. கால்நடை வளர்ப்புக்கு 636. சமையலுக்கு 641. 636 என்ற எண்ணைத் தேடிப் போனால் கால்நடை நூல்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். குறித்துக்கொண்ட நூலை எடுங்கள். அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள நூல்களையும் புரட்டிப் பாருங்கள். கணினியில் அகப்படாத நல்ல நூல் பக்கத்திலேயே நிற்கலாம்.

நூல் இருக்கிறதா, இரவல் போயிருக்கிறதா என்பதையும் திரை காட்டும். இரவல் போயிருந்தால், திரும்பி வந்ததும் எடுத்து வைக்கும்படி நூலகரிடம் சொல்லலாம். சில நூல்களை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதற்கான குறிப்பும் திரையில் இருக்கும்.

அந்த நூலகத்தில் இல்லாவிட்டால்?

எல்லா வழியிலும் தேடியும் கிடைக்காவிட்டால், வேறு நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிளை நூலகத்தில் இல்லாத நூல் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கலாம்.

1954-ஆம் ஆண்டு வந்த சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைப் பதிப்பகத்தார் நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவையே அந்த நான்கு. அரிய நூல்களை அங்கே விசாரிக்கலாம்.

கைப்பேசியிலும் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல தமிழ் நூல்களை இலவசமாகவே படிக்கலாம். அங்கும் இதே தேடும் வழிகள் உதவும்.

கேட்பதற்குத் தயங்க வேண்டாம்

கணினி முன்னால் உட்காரக் கூச்சமாக இருக்கலாம். எழுத்தைத் தேடித் தேடித் தட்ட நேரம் ஆகலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பட்டதாரிகளும் முதல் முறை தேடும்போது தடுமாறத்தான் செய்கிறார்கள். பொது நூலகம் மக்கள் பணத்தில் நடக்கிறது. வாசகருக்கு உதவுவது நூலகரின் வேலை. “இந்த நூல் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்க வேண்டாம். “எனக்கு இந்த விஷயம் தெரிய வேண்டும். எந்த நூலில் இருக்கும்?” என்று கேளுங்கள். கணினிக்குப் புரியாதது அவருக்குப் புரியும்.

நினைவில் வையுங்கள்

1. ஒன்று அல்லது இரண்டு சொற்களில் தேடுங்கள்.
2. கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றுங்கள். சொல்லை மாற்றுங்கள்.
3. தலைப்பு, ஆசிரியர், பொருள் என்று மூன்று வழியிலும் தேடுங்கள்.
4. நூல் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள்.
5. வகை எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போங்கள்.
6. நூலகரிடம் கேட்காமல் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் தொழிலைப் பற்றி ஒரு நூல் தேட வேண்டும். எந்தச் சொல்லைத் தட்டுவீர்கள்? அதே பொருள் தரும் வேறு இரண்டு சொற்களை எழுதுங்கள்.
2. ‘வீடு’ என்ற சொல் நூலின் பெயரில் எப்படியெல்லாம் மாறி வரலாம்?
3. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள நூலகம் எது? அது எந்த நேரத்தில் திறந்திருக்கும்? உறுப்பினராக என்ன செய்ய வேண்டும்? கேட்டு எழுதுங்கள்.