தலைகீழ்ச் செருக்கு

ஆங்கில மொழியிலுள்ள 'ஸ்னொப்' என்னும் சொல்லின் வரலாறு விந்தையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியைக் குறித்தது. பின்னர்க் கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழக மாணவர், தம்மைச் சேராத நகரமாந்தரை இகழ்ச்சியாகச் சுட்ட அதனைக் கையாண்டனர். 1829ஆம் ஆண்டில் அங்கு வெளிவந்த மாணவர் ஏடொன்றுக்கும் அதுவே பெயராயிற்று. அவ்வேட்டில் எழுதியவருள் ஒருவர், கல்கத்தாவிற் பிறந்த வில்லியம் தாக்கரே. அவரே 1846, 1847ஆம் ஆண்டுகளில் 'பஞ்ச்' இதழில் எழுதி, 1848இல் நூலாக வெளியிட்ட கட்டுரைகளால் அச்சொல்லின் பொருளை மாற்றியமைத்தார். தாழ்ந்தவனைக் குறித்த சொல், மேலோரைக் கண்டு குழைந்து கீழோரைக் கண்டு முகஞ்சுளிப்பவனைக் குறிக்கலாயிற்று. உயர்குடிப் பிறப்பில்லாதவன் என்று பொருள்படும் இலத்தீன் தொடரொன்றின் குறுக்கமே இச்சொல் என இன்றும் கூறுவாருளர். அதற்குச் சான்று யாதுமில்லை. சப்பாத்துக்காரனின் சொல்லுக்கும் ஓர் உயர்ந்த வமிசம் தேடிக்கொடுக்க விழைந்தனர் போலும்!

இக்குலச்செருக்குக்கு மறுதலையாக இன்னொரு செருக்கும் உண்டு. வறுமை, வன்மையான பேச்சு, கல்லாமை, அழுக்கேறிய உடை ஆகியவற்றையே மேன்மையின் அடையாளங்களாகக் கொண்டு, செல்வமோ கல்வியோ நயமான பேச்சோ உடையவனை அக்காரணத்தாலேயே இகழ்வது அது. அதனைத் தலைகீழ்ச் செருக்கு எனலாம். முன்னையது ஒருவனின் செயலை நோக்காது பிறப்பையும் கோலத்தையும் நோக்கி அவனை அளப்பது. பின்னையதும் அவ்வளவுகோலையே கையிற் கொண்டு, பிடியை மாத்திரம் மாற்றிப் பிடித்துக்கொள்வது. ஆங்கில நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல உள.

1954ஆம் ஆண்டில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலன் றொஸ் பின்லாந்து நாட்டு மொழியியல் ஏடொன்றில் ஒரு கட்டுரை வரைந்தார். ஆங்கில மேற்குடியினரைச் செல்வத்தாலோ கல்வியாலோ இனிப் பிரித்தறிதல் இயலாது, பேச்சு ஒன்றே அவர்க்கு எஞ்சிய அடையாளம் என்பது அதன் கருத்து. மறுவருடம் பிரபு ஒருவரின் மகளும் நாவலாசிரியையுமாகிய நான்சி மிற்ஃபோட் 'என்கவுன்ரர்' இதழில் அதனைப் பலரறியச் செய்தார். நாடெங்கும் ஆரவாரம் எழுந்தது. உணவுமேசைக் கைக்குட்டையை 'நாப்கின்' என்பவன் மேற்குடியினன், 'சேர்வியெட்' என்பவன் அல்லன் என்பது போன்ற பட்டியல்களைக் கண்டு மக்கள் தத்தம் நாவினைத் தாமே அஞ்சலாயினர்.

அப்பட்டியலை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். மேற்குடிச் சொற்கள் பல எளிய சொற்களே. பிரபுவானவர் பொய்ப்பல்லைப் பொய்ப்பல் என்பார். செத்தவனைச் செத்தான் என்பார். சுரங்கத் தொழிலாளியும் அவ்வாறே கூறுவான். அவற்றுக்கு மெருகூட்டிய வேறு சொற்களைத் தேடுபவன் இருவர்க்கும் இடைப்பட்டவனே. மேலிருந்து நோக்கும் செருக்கும் கீழிருந்து நோக்கும் செருக்கும் அவ்விடைப்பட்டவனை நகைப்பதில் ஒன்றுபடுகின்றன. பிரபு ஒருவர் முழங்கை கிழிந்த சட்டையுடன் உலாவலாம். அவரை யாரும் ஏழையென்று மயங்கார். வங்கி எழுதுவினைஞன் அவ்வாறு உலாவினால் அவனது வேலைக்கே இடையூறு நேரும். எளிமையை விருப்பம்போல் அணிந்து கழற்றுவதற்கும் ஓரளவு உறுதியான நிலை வேண்டும்.

அரசியலில் இச்செருக்கு வாக்குகளையும் ஈட்டித் தந்தது. 1963ஆம் ஆண்டு ஒற்றோபரில் பிரதமரான அலெக் டக்ளஸ் ஹியூம், ஹியூம் குலத்துப் பதினான்காவது ஏர்ள் பட்டத்தைத் துறந்தே பொதுமக்கள் சபைக்கு வரவேண்டியிருந்தது. தொழிற்கட்சித் தலைவர் ஹரல்ட் வில்சன் அப்'பதினான்காவது' என்னும் எண்ணையே எடுத்து ஏளனஞ் செய்தார். வில்சனும் எண்ணிப்பார்த்தால் பதினான்காவது வில்சனாகவே இருத்தல் கூடும் என்று ஹியூம் மெல்ல விடையிறுத்தார். விடை பொருத்தமானதே. பிறப்பினால் ஒருவரை உயர்த்துதல் தவறாயின் பிறப்பினால் ஒருவரை எள்ளுதலும் தவறே. வில்சன் மேடையிலும் தொலைக்காட்சியிலும் புகைக்குழாயுடன் தோன்றித் தனிமையிற் சுருட்டையே விரும்பினார் என்பது பின்னர்ப் பலரும் அறிந்த செய்தி.

ஹியூமுக்குப் பட்டந் துறக்க வழிசெய்த சட்டம் தொழிற்கட்சியினராகிய ரொனி பென் நடத்திய போராட்டத்தின் பயன். 1960இல் தந்தை இறந்ததும் ஸ்ரான்ஸ்கேற் பட்டம் அவரை வந்தடைந்தது. அதனால் அவர் பொதுமக்கள் சபை உறுப்பினராக இருக்க முடியாதாயிற்று. 1961இல் இடைத்தேர்தலில் வென்றும் ஆசனம் தோற்றவர்க்கே வழங்கப்பட்டது. ஈராண்டின் பின் அவர் வெற்றிகண்டார். அது மக்களின் வாக்குரிமைக்கான நேரிய போராட்டம். தலைகீழ்ச் செருக்கென்று அதனைத் தள்ளுதல் தகாது. ஆயினும் 1970களில் அவர் அன்ரனி வெஜ்வூட் பென் என்னும் நீண்ட பெயரைச் சுருக்கியதும், புகழ்பெற்றோர் அகராதியிலிருந்து தாம் கற்ற வெஸ்ற்மின்ஸ்ரர்ப் பாடசாலையின் பெயரை அகற்றியதும் வேறு வகையின. கற்ற கல்வியை மறைப்பதனால் கல்லாதவனுக்கு யாது நன்மை?

இவ்வினாவைத் தம்மை நோக்கியே எழுப்பியவர் ஜோர்ஜ் ஓர்வெல். ஈற்றன் கல்லூரியிற் கற்று, 1922 முதல் 1927 வரை பர்மாவிற் பொலிஸ் அதிகாரியாயிருந்து, அப்பதவியை வெறுத்து நீங்கியவர். பின்னர்க் கந்தையுடுத்து நாடோடிகளுடன் உறங்கினார். பிபிசியிற் பணிபுரிந்த காலத்தில் தேநீரைப் பீரிசில் ஊற்றி ஓசையெழக் குடிப்பார் என உடனிருந்தோர் கூறுவர். எனினும் 1937இல் வெளியான 'விகன் துறைக்குச் செல்லும் வழி' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில், தொழிலாளியைப் போற்றிக்கொண்டே அவனோடு ஒரு மேசையில் அமரக் கூசும் சமதர்மவாதிகளை அவர் கடுமையாகச் சாடினார். கந்தையை உடுத்தலால் வகுப்பு நீங்காது, தன் சுவை, பேச்சு, நடை யாவற்றிலும் ஒரு பகுதியை இழக்கவேண்டும் என அவர் உணர்ந்திருந்தார். நூலை வெளியிட்ட கொலன்ஸ் அப்பகுதிக்கு மறுப்பாகத் தாமே ஒரு முன்னுரை எழுதிச் சேர்க்க வேண்டியவரானார்.

ஓர்வெல் நாடோடி வாழ்விலிருந்து மீண்டுவரலாம். மீள இயலாதவரிடத்தே இச்செருக்கு என்ன செய்யும்? இதனைப் பாடசாலையிலேயே காணவேண்டும்.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்தில் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கிற்று. பதினொரு வயதிற் பரீட்சை வைத்து, நாலைந்து பேரில் ஒருவரைக் கிராமர்ப் பாடசாலைக்கு எடுத்தனர். அவ்வாறு சென்ற தொழிலாளர் பிள்ளையின் நிலையை, லீட்ஸ் நகரில் பாட்டியால் வளர்க்கப்பட்டு அவ்வழியே உயர்ந்த றிச்சட் ஹொகாட், 1957இல் தாம் எழுதிய நூலில் வரைந்தார். வீட்டில் உள்ளது ஒரே சூடான அறை. வானொலி ஒலிக்கும், பேச்சும் நகைப்பும் நிகழும், சிறுவன் மூலையிலிருந்து இலத்தீன் படிப்பான். பாடசாலையில் அவன் உச்சரிப்பு நகைக்கப்படும். தெருவிலோ, பெரியவனாகிவிட்டான் என்னும் குத்தல். ஒரு புறத்தில் குலச்செருக்கு, மறுபுறத்தில் தலைகீழ்ச் செருக்கு. இரண்டிற்குமிடையே புத்தகமுந் தானுமாய் அவன். 1962இல் ஜாக்சன், மார்ஸ்டன் என்னும் இருவர் இத்தகைய 88 பேரின் வரலாற்றை ஆராய்ந்து நூலாக்கினர். அவருட் பலர் ஆசிரியராயினர். தம் தெருவையும் அதன் பேச்சையும் விட்டு நெடுந்தூரஞ் சென்றுவிட்டவரும் அவருள் இருந்தனர்.

கிராமர்ப் பாடசாலைக்கு எடுக்கப்படாதோரின் கதை இதனினும் கொடிது. போல் வில்லிஸ் 1970களின் முற்பகுதியில் இங்கிலாந்தின் நடுநிலப் பகுதியிலுள்ள ஒரு தொழில் நகரில், தொழிலாளர் மக்களாகிய பன்னிரு மாணவரோடு பழகி, அவர் வேலைக்குச் சென்ற தொடக்கக் காலத்தையும் கண்டு, 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆசிரியர் சொற்கேட்டுப் படிக்கும் மாணவர்க்கு அவ்விளைஞர் 'காது' என்று பட்டப்பெயர் வைத்திருந்தனர். கேட்பதன்றி வேறு தொழிலறியாதவன் என்பது அதன் பொருள். எழுதுகோல் பெண்டிர்க்குரியது, பாரந் தூக்கலே ஆண்மை என்பது அவர் துணிபு.

அவர்களை மூடரென்று வில்லிஸ் கருதவில்லை. தொழிலாளர் பிள்ளைகள் யாவரும் சான்றிதழ் பெற்றாலும் யாவர்க்கும் மேலான வேலை கிட்டாது என்னும் உண்மையை அவர்கள் ஆசிரியரினும் தெளிவாகக் கண்டிருந்தனர் என்று அவர் காட்டினார். கண்ட உண்மை மெய். அதனைச் செருக்காக்கியதே கேடாயிற்று. படிப்பைத் தாமாகவே இகழ்ந்து தள்ளியதனால், எவரும் வற்புறுத்தாமலே தந்தையர் நின்ற தொழிற்சாலை வாயிலில் அவர்கள் சென்று நின்றனர். முதலாளிக்கு இதனினும் வசதி யாது? இன்னொன்றும் நோக்கற்பாலது. தம்மை இழிந்தோரென்ற உலகை எதிர்த்த அவ்விளைஞர், பெண்களையும், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் குடியேறியோரின் பிள்ளைகளையும் தமக்குக் கீழே வைத்தே தம் பெருமையை நிலைநிறுத்தினர். தலைகீழாய்ப் பிடித்த ஏணிக்கும் கீழ்ப்படி ஒன்று வேண்டியிருந்தது.

அந்நூல் வெளிவந்து சில ஆண்டுகளுள், 1980களின் தொடக்கத்தில், பிரித்தானியாவின் உற்பத்தித் தொழில் பெரிதும் சுருங்கிற்று. நடுநிலப் பகுதியின் வார்ப்படச் சாலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அப்பன்னிருவரும் அப்போது முப்பது வயதை எட்டியிருக்கவில்லை.