கிணற்றுச் சுவரில் இரண்டு குடும்பங்கள்

ஆரணி என்றவுடன் நம் இல்லத்துப் பெண்மணிகளின் மனக்கண் முன் பட்டுச் சேலையின் ஜரிகைக் கரைதான் தோன்றும். அவ்வூரில் ஒரு பழைய கிணற்றை எட்டிப் பாருங்கள் என்றால் சிரிப்பார்கள். ஐப்பசி மழை ஓய்ந்தபின் அப்படி எட்டிப் பார்த்தவன் நான். சேலைக் கடைக்குத் திரும்ப நெடுநேரமாயிற்று!

கல் இடுக்குகளில் கரிய மெல்லிய காம்புகளுடன் தொங்கிற்று அடியாண்டம் என்னும் பெரணி. 'நனையாதது' என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். நீரைத் தெளித்தால் முத்து முத்தாக உருண்டோடிவிடும். கிணற்று மேட்டின் ஈர மண்ணிலோ, பொத்தான் அளவான பச்சை வட்டங்கள் ஒட்டிக் கிடந்தன. அவை ரிக்ஸியா; ஈரல் பூண்டு இனத்தவை. (இவ்வினத்துச் செடிகள் சில ஈரல் வடிவில் பிளந்திருப்பதால், ஈரல் நோய்க்கு மருந்தென்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். நோய் தீர்ந்ததா என்பது வேறு விஷயம்.)

ரிக்ஸியாவுக்கு இலையில்லை, தண்டில்லை, மெய்யான வேருமில்லை. கண்ணுக்குத் தெரியும் பச்சைத் தட்டே ஆண் பெண் உறுப்புகளைத் தாங்கும் தலைமுறை. கருவுற்றபின் உண்டாகும் அடுத்த தலைமுறை, தாயின் உடலுக்குள்ளேயே சிறு உருண்டையாகப் புதைந்து கிடக்கிறது. தாய் அழுகி மடிந்தாலன்றி அதனுள்ளிருக்கும் வித்துத்தூளுக்கு விடுதலையில்லை.

பெரணியில் எல்லாம் தலைகீழ். நாம் கண்டு மகிழும் தழையே வித்துத்தூள் ஈனும் தலைமுறை. இலை விளிம்பு மடிந்து அதை மூடிக் காக்கிறது. ஆனால் அத்தூள் மண்ணில் விழுந்து முளைக்கும்போது வருவது தழை அன்று. சுண்டுவிரல் நகத்தளவான, இதய வடிவமுள்ள ஒரு பச்சைத் தட்டு! ஈரல் பூண்டென்றே எண்ணி ஏமாறாதவர் சிலரே. அதன் அடியில் நீர் தங்கினால்தான் விந்தணு நீந்திச் சென்று கருவுறச் செய்யும். அதன் பின்னரே தழை தலையெடுக்கும். இத்தலைமுறை மாற்றத்தை 1851-ல் விளக்கியவர் ஜெர்மானியரான ஹோஃப்மைஸ்டர்.

ரிக்ஸியாவின் எளிமையைக் கண்டு, ஈரல் பூண்டுகளில் இதுவே ஆதி வடிவம் என்று பலர் கூறினர். லாகூரில் பேராசிரியராயிருந்த ஷிவ் ராம் காஷ்யப் (1882–1934) அதை ஒப்பவில்லை. மேற்கு இமயத்தின் ஈரல் பூண்டுகளை ஆராய்ந்து 1929-ல் நூல் வெளியிட்ட நம் நாட்டவர் அவர். சிக்கலான உடலமைப்பு படிப்படியாகக் குறைந்தே ரிக்ஸியா தோன்றிற்று என்று வாதித்தார். பின்னாளைய மரபணு ஆராய்ச்சியும் ரிக்ஸியாவைக் குலத்தின் அடிமரத்தில் வைக்கவில்லை, கிளைகளிடையேதான் வைத்திருக்கிறது.

சென்ற முறை போனபோது அக்கிணறு பாதிவரை இடிபாடுகளால் நிரம்பியிருந்தது. கல் இடுக்கில் ஒரே ஒரு பெரணிக் கொத்து எஞ்சியிருந்தது. மேட்டிலோ சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள்.